நாய்கள் இறந்தன, நோயாளிகள் பிழைத்தார்கள்

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் நாய்களுக்கு ஒரு புதிய மலேரியா மருந்தைத் தினமும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மருந்தின் பெயர் ஆர்ட்டீத்தர். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது கணக்கு. முதலில் நாய்களின் நடை தள்ளாடியது. அடுத்து, வலி கொடுத்தால் காலை இழுத்துக்கொள்ளும் அனிச்சைச் செயல் மறைந்தது. பிறகு கண்களின் அனிச்சைச் செயல்களும் போயின. கடைசியில் மூச்சும் இதயமும் ஓய்ந்தன. அந்த அளவு மருந்து பெற்ற ஆறு நாய்களில் ஐந்து இறந்துவிட்டன. 1994இல் இந்த முடிவுகள் வெப்பமண்டல மருத்துவத்துக்கான அமெரிக்க ஆய்விதழில் வெளியானபோது, மலேரியா மருத்துவர்களிடையே எழுந்த கலக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆர்ட்டீத்தர் ஏதோ பெயர் தெரியாத ரசாயனம் என்றால் ஓரமாகத் தூக்கிப் போட்டிருக்கலாம். அது ஆர்ட்டிமிசினின் குடும்பத்தைச் சேர்ந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1967ஆம் ஆண்டு மே 23 அன்று சீனாவில் தொடங்கிய ரகசிய ஆய்வுத் திட்டத்தில் பிறந்த குடும்பம் அது. து யூயூ தலைமையிலான குழு ஒரு மூலிகைச் செடியிலிருந்து பிரித்தெடுத்த அந்த மருந்துக்காக அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கு ஒட்டுண்ணிகள் அசையாமல் போன தென்கிழக்கு ஆசியாவில் இந்த மருந்துகள்தான் நோயாளிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. சீனாவிலும் வியட்நாமிலும் ஏராளமானோர் ஏற்கெனவே இவற்றைப் பெற்றிருந்தார்கள். பெரிய புகார் எதுவும் எழவில்லை. ஒரு பக்கம் பிழைத்து எழுந்து நடக்கும் மனிதர்கள், இன்னொரு பக்கம் செத்துக் கிடக்கும் நாய்கள். இரண்டுமே கண்ணெதிரே நடந்த உண்மைகள்.

ஆய்வாளர்கள் நாய்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார்கள். நினைவும் சிந்தனையும் குடியிருக்கும் பெருமூளையில் குறிப்பிடத்தக்க பழுது இல்லை. சேதம் பெரும்பாலும் கீழே, மூளைத்தண்டில், அதிலும் பான்ஸ், முகுளம் ஆகிய இரண்டு பகுதிகளில் குவிந்திருந்தது. உடலின் சமநிலையைக் காப்பதும், காதிலிருந்து வரும் செய்திகளை வாங்கி மேலே அனுப்புவதும் அங்குள்ள நரம்பணுத் தொகுப்புகள்தான். அடுத்து 28 நாள் ஆய்வு ஒன்று நடந்தது. கிலோவுக்கு 5, 10, 15, 20 மில்லிகிராம் என நான்கு அளவுகள். எந்த நாய்க்கு எவ்வளவு மருந்து போனது என்று தெரியாத ஒரு நோயியல் வல்லுநர் சீவல்களைப் பார்த்துச் சேதத்துக்கு மதிப்பெண் போட்டார். மருந்து கூடக் கூடச் சேதமும் கூடியிருந்தது. குறைந்த அளவு பெற்ற நாய்களும் தப்பவில்லை. தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க அந்த மதிப்பெண்கள் இடம் தரவில்லை. எலிகளில் செய்தபோதும் அதே இடத்தில் அதே சேதம். உடன்பிறப்பான ஆர்ட்டிமீதரும் அதே வேலையைச் செய்தது. பின்னர் ரீசஸ் குரங்குகளின் மூளைத்தண்டிலும் இது தென்பட்டது.

எலி ஆய்வுகளில் ஒன்று எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. வால்டர் ரீட் குழுவினர் எலிகளுக்கு ஒரு பணியைக் கற்றுக்கொடுத்து, பிறகு ஆர்ட்டீத்தர் கொடுத்து, கற்றதை ஒழுங்காகச் செய்கின்றனவா என்று கவனித்தார்கள். செய்தன. தடுமாற்றம் இல்லை. ஆனால் மூளைத்தண்டை வெட்டிப் பார்த்தால் நரம்பணுக்கள் அழிந்திருந்தன. 1995இல் வெளியான இந்த ஆய்வு சொன்ன செய்தி எளிமையானது: வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே சேதம் நடந்திருக்கலாம். அப்படியென்றால் ‘எங்கள் நோயாளிகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்’ என்ற பதில் போதாது. நன்றாக நடக்கும் நோயாளியின் மூளையை யாரும் வெட்டிப் பார்ப்பதில்லை அல்லவா?

இந்த இடத்தில் பலரும் முதலில் நீட்டும் விளக்கம் அளவு. கடும் மலேரியா நோயாளிக்கு ஆர்ட்டிமீதர் ஊசி முதல் நாள் கிலோவுக்கு 3.2 மில்லிகிராம், அடுத்த நாட்களில் 1.6 மில்லிகிராம். நாய்களுக்குப் போனதோ 20. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் ஏற்றியதற்குச் சமம் என்று மேலோட்டமாகக் கணக்குப் போடலாம். அந்தக் கணக்கு தவறு. சிறிய உடல்கள் மருந்தை வேகமாகச் சிதைத்து வெளியேற்றும். ஆகவே மருந்தியலாளர்கள் உடலின் மேற்பரப்பை வைத்து மாற்றிக்கொள்வார்கள்: நாயின் அளவை ஏறக்குறைய 2ஆலும், எலியின் அளவை 6ஆலும், சுண்டெலியின் அளவை 12ஆலும் வகுத்தால் மனித அளவு வரும். இப்படிப் பார்த்தால் நாயின் 20 மனிதருக்கு ஏறத்தாழ 11 ஆகிறது. அப்போதும் சிகிச்சை அளவைவிட அதிகம்தான். ஆனால் 28 நாள் ஆய்வில் 5 மில்லிகிராம் பெற்ற நாய்களிலும் சேதம் இருந்ததே! அது மனிதருக்கு 3க்குக் கீழே வருகிறது. அளவை மட்டும் காட்டி நாய்களை ஒதுக்கிவிட முடியாது.

விடை ஊசிக் குழலுக்குள் இருந்தது. மருந்தில் இல்லை, அது கரைந்திருந்த எண்ணெயில்.

ஆர்ட்டீத்தரும் ஆர்ட்டிமீதரும் தண்ணீரில் கரையாதவை. எண்ணெயில் கரைத்துத் தசையில் போட வேண்டும். ஆர்ட்டிமீதருக்குக் கடலை எண்ணெய், வால்டர் ரீட் ஆய்வின் ஆர்ட்டீத்தருக்கு நல்லெண்ணெய். நம் அடுப்படிச் சாமான்தான், ஊசிக்காகச் சுத்திகரிக்கப்பட்ட வடிவில். தசைக்குள் போன எண்ணெய் ஒரே இடத்தில் தேங்கி நிற்கும். சொட்டுநீர்ப் பாசனம் போல அதிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இரத்தத்தில் சேரும். இன்று போட்ட ஊசி தீர்வதற்குள் நாளைய ஊசி வந்துவிடும். நாட்கள் செல்லச் செல்ல இரத்தத்தில் மருந்து இல்லாத நேரமே இருக்காது.

இதே குடும்பத்தில் ஆர்ட்டிசுனேட் என்று ஒன்று உண்டு. அதை நரம்பு வழியாக நேரடியாக ஏற்றலாம். சில நிமிடங்களில் உடல் அதை டைஹைட்ரோஆர்ட்டிமிசினின் என்ற பொருளாக மாற்றிவிடும். அதன் அளவும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். மாலைக்குள் இரத்தம் சுத்தம். 2000ஆம் ஆண்டில் அதே வால்டர் ரீட் குழு எலிகளில் இரண்டையும் ஒப்பிட்டபோது, ஆர்ட்டீத்தர் நடத்தையையும் மூளைத்தண்டையும் கெடுத்தது, ஆர்ட்டிசுனேட் கெடுக்கவில்லை. 2002இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் நறுக்கென்று இருந்தது. மருந்து ஒன்றேதான், ஆர்ட்டீத்தர். ஒரு கூட்டம் எலிகளுக்கு நல்லெண்ணெயில் கரைத்தும், இன்னொரு கூட்டத்துக்கு விரைவாக உறிஞ்சப்படும் வேறொரு கரைப்பானில் கரைத்தும் போட்டார்கள். நல்லெண்ணெய்க் கூட்டத்தில்தான் மூளைச் சேதம் அதிகம். மருந்து உடலில் தங்கியிருந்த நேரமும் அவற்றில்தான் அதிகம்.

பாங்காக்கில் மகிடோல் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் ஒயிட்டும் அவருடைய தாய்லாந்து சகாக்களும் சுண்டெலிகளில் செய்த ஒரு சோதனையில் எண்ணெய் ஊசி இல்லை. நாளுக்கு ஓரிரு முறை வாய்வழியாகக் கொடுத்தால் பெரிய அளவைக்கூடச் சுண்டெலிகள் தாங்கின. அதே மருந்தை நாள் முழுவதும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்படி உணவோடும் நீரோடும் கலந்து கொடுத்தால் நரம்புச் சேதம் தலைகாட்டியது. அதாவது, குறைந்த அளவில் இடைவிடாமல் மருந்து இருப்பது, ஏறி இறங்கும் பெரிய அளவைவிட நரம்பணுவுக்குக் கெடுதல். ஒட்டுண்ணியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அது இரத்தச் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினைத் தின்று இரும்பு அடங்கிய ஹீமை வெளிவிடுகிறது. ஆர்ட்டிமிசினினின் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஒரு பாலம் இருக்கிறது. ஹீம் பட்டதும் அந்தப் பாலம் உடைந்து, அக்கம்பக்கத்தில் உள்ள புரதங்களையெல்லாம் தாக்கும் துண்டுகள் உருவாகின்றன. ஒட்டுண்ணியை முடிக்க ஒருசில மணி நேரம் போதும். நரம்பணுவைக் கெடுக்க நாட்கணக்கில் மருந்து சூழ்ந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் இந்த மருந்துக் குடும்பத்தின் பயனெல்லாம் அடங்கியிருக்கிறது.

மனிதர்களிடம் தேடாமல் விடவில்லை. மூளைத்தண்டில் கேட்கும் பாதை அடிபடும் என்பதால் செவியைச் சோதித்தார்கள். காதில் ‘டிக்’ ஒலி கொடுத்து, மூளைத்தண்டு வழியாகச் செல்லும் மின் அலைகளை மண்டையின் மேல் மின்முனை ஒட்டிப் பதிவு செய்யலாம். தாய்லாந்து–மியான்மர் எல்லையிலும் வியட்நாமிலும், பலமுறை ஆர்ட்டிமிசினின் மருந்துகள் பெற்றவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். வேறுபாடு இல்லை. மொசாம்பிக்கில் கட்டுமானத் தொழிலாளர்களிடம் கேட்கும் திறன் குறைந்ததாக 2004இல் ஓர் அறிக்கை வந்தது. இரைச்சலிலேயே வேலை செய்பவர்களின் காதை வைத்து இதைச் சொல்லலாமா என்று உடனே மறுப்பும் வந்தது. மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

காதைச் சோதிப்பதில் இன்னொரு சிக்கல் குயினைன். நீலகிரியில் நடுவட்டத்தில் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து ஆலை வைத்து வடித்தெடுத்த அதே குயினைன். அதைச் சாப்பிட்டவருக்குக் காதில் இரைச்சல் கேட்கும், கொஞ்ச நாள் காது மந்தமாகும். நூற்றாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. அது தாக்கும் இடம் மூளைத்தண்டல்ல, உட்செவி. கினிப்பன்றியின் உட்செவியிலிருந்து பிரித்தெடுத்த மயிரணுக்கள் குயினைன் பட்டதும் நீளம் மாறுவதைச் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மலேரியாப் பகுதியில் வாழும் ஒருவருடைய காது மந்தமானால், அது பழைய குயினைனாலா, மூளையைத் தாக்கிய மலேரியாவாலா, புதிய மருந்தாலா என்று பிரித்தறிவது லேசான காரியமில்லை.

கடைசியில், நாய்களுக்குச் செய்ததையே மனிதர்களுக்கும் செய்ய வேண்டியிருந்தது. வியட்நாமில் கடும் மலேரியாவால் இறந்தவர்களின் மூளைத்தண்டை, ஆர்ட்டிமீதர் பெற்றவர், குயினைன் பெற்றவர் என்று பிரித்து ஆராய்ந்தார்கள். டிரான் டின் ஹியென் குழுவினரின் அந்த ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வந்தது. நாய்களில் கண்ட சேதத்துக்கான தனித் தடயம் ஆர்ட்டிமீதர் பெற்றவர்களிடம் இல்லை. இதற்குப் பிறகு கேள்வி வேறு பக்கம் திரும்பியது: ஆர்ட்டிசுனேட் இருக்கும்போது எண்ணெய் ஊசி எதற்கு? இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில் குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். அது 2005இல். ஐந்து ஆண்டுகள் கழித்து ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம்: 10.9 சதவீதம், 8.5 சதவீதம். பிழைத்த குழந்தைகளிடம் நிலைத்துவிட்ட நரம்புப் பாதிப்புகளிலும் இரண்டு மருந்துகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கடும் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட்டே முதல் மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இந்த எண்களை வைத்துத்தான். எண்ணெய் ஊசிகள் இரண்டாம் இடத்துக்குப் போயின. லக்னோவின் மத்திய மருந்தாய்வு நிறுவனம் உருவாக்கிய ஆர்ட்டீத்தர் ஊசி இந்தியச் சந்தைக்கு ஏற்கெனவே வந்திருந்தது. அதற்கு வகுத்த முறை நாளுக்கு ஒன்றாக மூன்றே நாள். 5 மில்லிகிராம் பெற்ற நாய்களுக்குப் போனது 28 நாள் என்பதை இதன் அருகே வைத்துப் பார்த்தால் அச்சம் பெருமளவு வடிந்துவிடுகிறது.

மலேரியா மருந்து விலங்கின் மூளைத்தண்டைத் தாக்கியது அது முதல்முறை அல்ல. முதல் உலகப் போரில் குயினைன் கிடைக்காமல் திண்டாடிய ஜெர்மனி, 1920களில் செயற்கை மருந்து தேடியது. எல்பர்ஃபெல்டில் பேயர் நிறுவனத்தின் சோதனைச்சாலையில் மலேரியா தொற்றிய கேனரிப் பறவைகளுக்கு ஒவ்வொரு ரசாயனமாகக் கொடுத்துப் பார்த்துக் கண்டெடுத்தது பாமகுயின். பறவையின் இரத்தத்தில் ஒட்டுண்ணி குறைகிறதா என்பது மட்டும்தான் அந்தச் சோதனையின் கேள்வி. அதன் மூளை என்னாகிறது என்று யாரும் கேட்கவில்லை. பாமகுயினின் வேதியியல் குடும்பத்தில் பிளாஸ்மோசிட் என்ற மருந்தும் வந்தது. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஐடா ஷ்மிட், லியோன் ஷ்மிட் ஆகிய இருவரும் ரீசஸ் குரங்குகளுக்கு அதைக் கொடுத்து, மூளையைச் சீவல் சீவலாகப் பார்த்தார்கள். கண்ணை அசைக்கும் நரம்புகளின் தோற்றுவாய்களிலும் சமநிலை காக்கும் தொகுப்புகளிலும் நரம்பணுக்கள் செத்திருந்தன. அதே குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களையும் அவர்கள் விடவில்லை. சேதத்தின் இடமும் கடுமையும் மருந்துக்கு மருந்து மாறின. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 14 நாள் கொடுக்கும் பிரைமாகுயினும் இந்தக் குடும்பம்தான். பயப்பட வேண்டாம், பிளாஸ்மோசிட்டின் குணம் பிரைமாகுயினுக்கு இல்லை. ஆனால் ஒரே மூலக்கூறுச் சட்டகத்தில் ஓர் அணுச்சங்கிலியை மாற்றினால் மூளையில் வேறொரு இடம் அடிபடும் என்று ஷ்மிட்கள் அன்றே காட்டிவிட்டார்கள். 1994இல் நாய்களைப் பார்த்து அதிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பழைய கட்டுரைகளைப் புரட்டியிருப்பார்கள் என்பது எனக்குள்ள சந்தேகம்.

நாய்களின் கதையைத் தலைகீழாகத் திருப்பினால் வருவது மெஃப்லோகுயின். இதுவும் வால்டர் ரீட்தான். வியட்நாம் போர்க்காலத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சலித்து எடுத்த மருந்து. 1989இல் அமெரிக்க அனுமதி பெற்றது. வாரம் ஒரு மாத்திரை போதும் என்பது அதன் பெருமை, ஏனென்றால் உடலில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். இங்கே முதலில் முறையிட்டவை விலங்குகள் அல்ல, மனிதர்கள். கெட்ட கனவு, தூக்கமின்மை, பதற்றம், தலைச்சுற்றல் என்று ராணுவ வீரர்களும் சுற்றுலாப் பயணிகளும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மன அழுத்தம், பயண அலுப்பு, போர்க்களம் என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள் மற்றவர்கள்.

2004இல் ஒரு குழு, மூளை அணுக்களிடையே மின் செய்தி நேரடியாகக் கடக்கும் வாயில்களில் ஒரு வகையை மெஃப்லோகுயின் மிகக் குறைந்த செறிவிலேயே அடைத்துவிடுவதைக் காட்டியது. 2006இல் எலிகள். வாய்வழி ஒரே ஒரு டோஸ். ஒல்லியான ஒரு கட்டையின் மேல் நடந்து கடக்கும் சோதனையில் எலிகள் தடுமாறின. தூங்க வேண்டிய நேரத்தில் அமைதியில்லாமல் சுற்றித் திரிந்தன. உடலின் கீழ்ப்பாதியிலிருந்து தொடுவுணர்வைக் கொண்டுவரும் மூளைத்தண்டுத் தொகுப்பு ஒன்றில் சேதம் இருந்தது. இந்த விளைவுகளில் பல தொடங்கிய அளவு கிலோவுக்கு 187 மில்லிகிராம். நாய்களுக்குப் போன 20ஐப் பார்த்தே ‘இது மிகை’ என்றவர்களுக்கு 187 அபத்தமாகத் தெரியும். ஆனால் மூன்று நாள் கழித்து அந்த எலிகளின் இரத்தத்தை எடுத்து அளந்தபோது, சிகிச்சை அளவு மெஃப்லோகுயின் பெற்ற மனிதரின் இரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்குமோ ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. 187ஐ ஆறால் வகுத்துப் பார்த்தாலும் 30 பக்கம் வருகிறது. மலேரியாவைக் குணப்படுத்த மனிதருக்குக் கொடுத்த அளவு கிலோவுக்கு 25. நாயின் 20 மில்லிகிராம் மனிதரின் நிலையிலிருந்து வெகு தூரம், எலியின் 187 மில்லிகிராம் பக்கத்து வீடு. மில்லிகிராமை மட்டும் படிப்பவர் இரண்டிலுமே ஏமாறுவார்.

2013 ஜூலையில் அமெரிக்க மருந்து நிர்வாகம் மெஃப்லோகுயின் உறையில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. தலைச்சுற்றல், சமநிலை இழப்பு, காதிரைச்சல் ஆகியவை மருந்தை நிறுத்திய பிறகும் தொடரலாம், நிரந்தரமாகவும் இருக்கலாம் என்றது. அனுமதி கொடுத்து 24 ஆண்டுகள் கழித்து.

2018இல் அதே நிர்வாகம் தஃபெனோகுயினுக்கு அனுமதி வழங்கியது. கல்லீரலில் பதுங்கியிருக்கும் விவாக்ஸ் வகை மலேரியா ஒட்டுண்ணியை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயின் வேண்டாம், 300 மில்லிகிராம் ஒரே தடவை போதும். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடும் நோயாளிகளால் அலுத்துப்போன சுகாதாரப் பணியாளர்களுக்கு இது பெரிய வரம். அதன் குடும்பம் பிளாஸ்மோசிட்டின் குடும்பம். உடலில் பாதியாகக் குறைய அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். ஒரே டோஸில் வேலை முடிவதற்குக் காரணமே அந்த இரண்டு வாரம்தான், அதன் உறையில் மனநலப் பக்கவிளைவுகளைப் பற்றிய எச்சரிக்கையும் அச்சாகியிருக்கிறது.